கள்ளக்குறிச்சிக்கு எதுக்குய்யா ஆர்ட் கேலரி?

"கையைக் கடிக்காம ஜோடியா ஊர் சுத்த பத்து வழிகள்" அப்படின்னு ஒரு வகையறா பதிவு இருக்கு. நீங்களும் படிச்சிருப்பீங்க. உங்கள்ல சில பேர் எழுதியும் இருப்பீங்க (கோச்சுக்காதீங்க மக்கா). முதல் வழி எப்பவும் ஒண்ணுதான். சாயங்காலமா ஒரு ஆர்ட் கேலரிக்குப் போங்க, உள்ள போகக் காசு கிடையாது, கையைக் கோத்துக்கிட்டு நாலு படம் பாருங்க, அப்புறம் பக்கத்துலயே ஒரு நல்ல ரெஸ்டாரண்ட்ல மெழுகுவத்தி வெளிச்சத்துல சாப்பிடுங்க, ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சிரும். சுபம்.

எனக்கு ரெண்டே ரெண்டு சந்தேகம். ஒண்ணு, ரெண்டாயிரம் ரூபா எந்த ஊர்ல சிக்கனம்? ரெண்டு, கள்ளக்குறிச்சில அந்த ஆர்ட் கேலரி எந்தத் தெருவுல இருக்கு?

மெழுகுவத்திக்குப் பிரச்சினையே இல்லை. கரண்ட் போனா எங்க ஊர்லயும் ஏத்துவோம் :-)

புதுசா வர்றவங்களுக்கு: நான் கள்ளக்குறிச்சிக்காரன். இஞ்சினியரிங் முடிச்சிட்டு சென்னை ஓஎம்ஆர்ல பொட்டி தட்டறேன். மாசத்துல பாதி நாள் ஊர்லேர்ந்தே ஆணி புடுங்கிக்கலாம்னு ஆபீஸ்ல விட்டிருக்காங்க. கல்யாணமாகி ஒண்ணரை வருஷம். தங்கமணிக்கு சொந்த ஊரு சின்னசேலம். அதனால, சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு புருஷன் பொண்டாட்டி எங்க போறதுங்கறது எனக்கு ஏட்டுச் சுரைக்காய் கேள்வி இல்லை. வாராவாரம் வர்ற கேள்வி.

எங்க ஊர்ல ஒரு ஜோடி சேர்ந்து நின்னா யாரும் திரும்பிப் பாக்காத இடம் மொத்தம் நாலு. கோயில், சினிமா தியேட்டர், துணிக்கடை, ஆஸ்பத்திரி. இதுல கோயிலுக்கு ரெண்டு பேரா கிளம்பினா நாலு பேரா போய்ச் சேருவோம், அம்மாவும் சித்தியும் வாசல்லயே ரெடியா இருப்பாங்க. சினிமாவுல ரெண்டரை மணி நேரம் பேசக்கூடாது. துணிக்கடைக்குப் போனா வாங்காம வர முடியாது. ஆஸ்பத்திரியப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாவதா பூங்கா இருக்கேன்னு கேப்பீங்க. போனோமே. ஒரு ஊர்ல, ஒரு பூங்காவுல, சிமெண்ட் பெஞ்சுல உக்காந்து அரை மணி நேரம் ஆகலை. காவலுக்கு இருந்தவர் வந்து "ரெண்டு பேரும் யாரு?"ன்னு கேட்டாரு. தங்கமணி வாயே திறக்காம தாலிய எடுத்து வெளியில போட்டா. அவரு "சரிம்மா"ன்னுட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் அங்க உக்கார அவளுக்கும் மனசு வரலை, எனக்கும் வரலை. கல்யாணம் ஆனவளுக்கே இந்த கதின்னா மத்தவங்களை நினைச்சுக்கோங்க.

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஒண்ணுமே இல்லாத ஊர்ல ஆர்ட் கேலரி இல்லைன்னா அதுல புலம்ப ஒண்ணும் இல்லை. கள்ளக்குறிச்சி அப்படிப்பட்ட ஊரா? கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. திண்டுக்கல் பூட்டு, பத்தமடைப் பாய், சுவாமிமலை வெண்கலச் சிலை மாதிரி, சட்டப்படி இந்த ஊர்ப் பேருக்கு மட்டுமே உரிமையான பொருள். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் பக்கத்துல தலைமுறை தலைமுறையா மரத்துல சாமி செதுக்கறவங்க இருக்காங்க. இதையே பொழப்பா வச்சிருக்கிற குடும்பங்கள். பூம்புகார் நிறுவனமே இங்க மரச்சிற்பத்துக்குன்னு தனியா உற்பத்தி மையம் வச்சிருக்கு. சென்னையிலயும் பெங்களூர்லயும் ஏசி போட்ட ஷோரூம்ல ஸ்பாட்லைட்டுக்குக் கீழ நிக்கற ஆறடிப் பிள்ளையார்ல எத்தனையோ எங்க ஊர்ப் பிள்ளையார்தான்.

அப்ப நிலைமை என்னன்னா, சிற்பம் செய்யறது எங்க ஊரு, நின்னு பாக்கறது வேற ஊரு. கள்ளக்குறிச்சிச் சிற்பத்தை நிதானமா, வெளிச்சத்துல, யாரும் "என்ன வேணும்?"னு கேக்காம பாக்கணும்னா நான் 250 கிலோமீட்டர் சொச்சம் பஸ் ஏறி சென்னைக்குப் போகணும். அங்கயும் அதை விக்கற கடைக்குத்தான் போகணும்.

போன மாசம் தங்கமணி சொன்னா: "ஏங்க, கேலரி இல்லைன்னா என்ன, பட்டறைக்கே போய்ப் பாப்போமே." சின்னசேலத்துப் பொண்ணு, சின்ன வயசுல ஸ்கூல் போற வழியெல்லாம் உளிச் சத்தம் கேட்டு வளந்தவ. அவளுக்குத் தெரிஞ்ச ஒரு பட்டறைக்குப் போனோம். முன்னாடி தகரக் கொட்டகை, பின்னாடி வீடு. பெரியவர் ஒருத்தரும் அவரு மகனும் வேலை செஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

ஒரு மணி நேரம் பாத்தோம். வாகை மரத்துல மூணடி உயரத்துக்கு ஒரு அம்மன். முதல்ல மரத்து மேல பென்சிலால உருவம் போட்டு, வேண்டாத மரத்தைப் பெரிய உளியால எறக்கிடறாங்க. அப்போ அது சிலையா தெரியாது, யாரோ போர்வை போத்திக்கிட்டு நிக்கற மாதிரி இருக்கும். அப்புறம் கொட்டாப்புளி சத்தம் கொஞ்சம் கொஞ்சமா மெலிசாகுது. மூக்கு, உதடு, கழுத்து நகைன்னு வர்றப்ப உளி விரல் நீளம்தான் இருக்கு. பெரியவர் அடிக்கறதே இல்லை, உள்ளங்கையால சும்மா தள்றாரு. மரத்தோட ரேகை கன்னத்துல எப்படி ஓடணும்னு பாத்துத்தான் முகத்தை எந்தப் பக்கம் வைக்கறதுன்னு முடிவு பண்ணுவாராம். கடைசியா உப்புத்தாள், பாலிஷ். வாகை, தூங்குமூஞ்சி, வேம்பு, தேக்குன்னு மரத்துக்கு மரம் உளி போற விதமே வேறன்னாரு.

"இதுல உங்க பேரை எங்கய்யா போடுவீங்க?"ன்னு தங்கமணி கேட்டா.

"பேரா? நாங்க ஏம்மா போடறோம். வாங்கறவங்க அடியில அவங்க கடை ஸ்டிக்கரை ஒட்டிக்குவாங்க"ன்னாரு. வருத்தப்பட்டுச் சொல்லலை. சாதாரணமா சொன்னாரு. எனக்குத்தான் சுருக்குன்னு இருந்துச்சு.

வெளிய வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில புரோட்டா, சால்னா, ஆளுக்கொரு கல்தோசை, ஒரு ஆம்லெட், கடைசியா பால். அன்னிக்குக் கணக்கு:

பெட்ரோல் - 80
பட்டறைக்கு வாங்கிட்டுப் போன பழம், பிஸ்கட் - 90
ராத்திரி சாப்பாடு - 240
ஆக மொத்தம் - 410 ரூபா

கல்யாணத்துக்கு அப்புறம் நாங்க போனதுலயே நல்ல சாயங்காலம் அது. வீட்டுக்குத் திரும்பற வழியெல்லாம் அந்த அம்மனோட பாதி முடிஞ்ச முகத்தைப் பத்தியே பேசிக்கிட்டு வந்தோம். வழக்கமா ஈஎம்ஐ பத்திப் பேசிக்கிட்டு வருவோம்.

"அவ்வளவுதானே, பட்டறை இருக்கு, போய்ப் பாத்துக்க வேண்டியதுதானே, கேலரி எதுக்கு?"ன்னு கேட்டீங்கன்னா, அங்கதான் விஷயமே இருக்கு.

அந்தப் பெரியவருக்கு நாங்க விருந்தாளி. அவரு கையில இருந்த வேலையை ரெண்டு தடவை நிறுத்திட்டு எங்களுக்கு விளக்கினாரு. வீட்டம்மா டீ போட்டுக் குடுத்தாங்க. இருந்த ஒரே ஸ்டூலைத் தங்கமணிக்குத் துடைச்சுப் போட்டாங்க. எதுவும் வாங்காம எந்திரிக்கறப்ப எனக்குக் கூச்சமா இருந்துச்சு. அடுத்த சனிக்கிழமையும் போய் நிக்க முடியுமா? நம்ம பேச்சைக் கேட்டு இன்னும் அம்பது ஜோடி போனா அவரு எப்பய்யா வேலை பாப்பாரு? பொழப்பு நடக்கற கொட்டகையை வேடிக்கை பாக்கற இடமா மாத்தறது அவருக்கு நல்லது செய்யறது ஆகாது. வாங்காம பாக்கறதுக்கும், திரும்பத் திரும்பப் போய்ப் பாக்கறதுக்கும், யார்கிட்டயும் நன்றிக்கடன் படாம பாக்கறதுக்கும்தான் பொது இடம்னு ஒண்ணு வேணும். ஆர்ட் கேலரின்னா அதுதான். மத்தபடி ஏசி, மார்பிள், ஒயின் கிளாஸ் எல்லாம் மேட்டுக்குடி சேத்துக்கிட்டது.

இப்ப எதிர்க்கட்சி வாதங்களைப் பாப்போம். எல்லாமே என் நண்பர்கள் என் மூஞ்சிக்கு நேரா சொன்னதுதான்.

"முதல்ல ரோடு போடச் சொல்லு, ஆஸ்பத்திரி கட்டச் சொல்லு, அப்புறம் கேலரி." 2019 நவம்பர்ல விழுப்புரத்துலேர்ந்து பிரிச்சு எங்களைத் தனி மாவட்டமாக்கினாங்க. 2022 ஜனவரியில அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாங்க. ரெண்டுமே தேவை, ரெண்டுக்குமே கைத்தட்டினவன் நான். ஆனா "முதல்ல அது, அப்புறம் இது"ன்னு வரிசை போடறது சின்ன ஊருக்கு மட்டும்தான். சென்னையில எல்லா ரோடும் போட்டு முடிச்சிட்டா மியூசியம் கட்டினாங்க? எழும்பூர் மியூசியம் 1851-ல ஆரம்பிச்சது. அப்ப மெட்ராஸ்ல வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணிகூடக் கிடையாது.

"நம்ம ஊர்ல யாருய்யா போய்ப் பாப்பாங்க?" இதையேதான் புத்தகத்துக்கும் சொன்னாங்க. 2022-ல எல்லா மாவட்டத்துலயும் புத்தகத் திருவிழா நடத்தறதுன்னு அரசு முடிவெடுத்துச்சு. கள்ளக்குறிச்சியிலயும் நடந்துச்சு. "இங்க எவன் வாங்குவான்"னு சிரிச்ச அதே ஆளுங்க குழந்தையைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு ஸ்டால் ஸ்டாலா சுத்தினதை நான் பாத்தேன். போறதுக்கு இடம் இருந்தா ஜனம் போகும் சார்.

"கோயில்தான் நம்ம ஆர்ட் கேலரி." இது கொஞ்சம் கனமான வாதம். எங்க மாவட்டத்து திருக்கோவிலூர்ல உலகளந்த பெருமாள் ஒரு காலைத் தூக்கிக்கிட்டு நிக்கறாரே, அந்த மூலவரே மரத்தால் ஆனவர்னுதான் சொல்வாங்க. அவரைவிடப் பெரிய மரச்சிற்பத்துக்கு நான் எங்க போவேன்? ஆனா அங்க நான் போறது பக்தனா. எனக்குக் கிடைக்கறது பத்து செகண்டு, அப்புறம் "நகருங்க நகருங்க". அந்தத் தூக்கின காலோட அளவு எப்படி, எடை எங்க நிக்குதுன்னு நின்னு யோசிச்சா பின்னாடி இருக்கறவர் முதுகுல கை வைப்பாரு. மாசத்துல சில நாள் தங்கமணி வர மாட்டா. என் ரூம்மேட் ரியாஸை "வாடா சிற்பம் பாக்கலாம்"னு கர்ப்பகிரகத்து முன்னாடி கூட்டிட்டுப் போக முடியாது. இந்த மாகாணத்துல எல்லா சாதிக்காரங்களும் கோயிலுக்குள்ள போகறதுக்கே 1939-ல சட்டம் போட வேண்டியிருந்துச்சு. கோயில் கோயிலாவே இருக்கட்டும். அதுமேல மியூசியம் வேலையையும் ஏத்தாதீங்க.

"அது ஆர்ட் இல்லப்பா, கைவினைப் பொருள்." இருக்கறதுலயே எனக்குக் கோவம் வர்ற வாதம் இதுதான். ஈசிஆர்ல சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கே, 1966-ல கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில தொடங்கினது. அந்த ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக் துணி மாதிரி கைவினைப் பொருளைச் செஞ்சு வித்த காசுலதான் நிலம் வாங்கினாங்க. அவங்க யாருக்கும் கைவினை கேவலமா தெரியலை. இன்னிக்கு அங்க போனா ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் வரைஞ்சவர் பேர் இருக்கு. நியாயம். காலேஜ்ல படிச்சவர் செதுக்கினா பேரோட சேந்து கலை, கொட்டகையில அப்பாகிட்ட கத்துக்கிட்டவர் செதுக்கினா பேர் இல்லாத கைவினை. இந்த நுண்ணரசியலை எத்தனை நாளைக்குக் கண்டுக்காம இருக்கப் போறோம்?

அடுத்தது நேரம். எழும்பூர் மியூசியம் காலையில 9.30-க்குத் திறந்து சாயங்காலம் 5 மணிக்கு மூடறாங்க, வெள்ளிக்கிழமை லீவு. வேலைக்குப் போற எந்த ஜோடி வார நாள்ல அஞ்சு மணிக்குள்ள போக முடியும்? அதே அரசாங்கத்தோட டாஸ்மாக் பகல் 12-லேர்ந்து ராத்திரி 10 மணி வரைக்கும். வேலை முடிஞ்சு வர்ற மனுஷனுக்காக விளக்கைப் போட்டுக் காத்திருக்கத் தெரிஞ்ச அரசாங்கம்தான் இது. எதுக்காகக் காத்திருக்குங்கறதுதான் வித்தியாசம். லண்டன் நேஷனல் கேலரி வெள்ளிக்கிழமை ராத்திரி 9 மணி வரைக்கும் திறந்திருக்கு, அதுவும் இலவசமா. பிரிட்டன்ல தேசிய மியூசியங்களுக்கு 2001 டிசம்பர்லேர்ந்து நுழைவுக் கட்டணமே எடுத்துட்டாங்க.

2024 ஜூன்ல கள்ளக்குறிச்சிப் பேரு எல்லா டிவியிலயும் ஓடுச்சு. கருணாபுரத்துல விஷச் சாராயம் குடிச்சு 60 பேருக்கும் மேல செத்துப் போனாங்க. ஆர்ட் கேலரி இருந்திருந்தா அது நடந்திருக்காதுன்னு சொல்ற அளவுக்கு நான் கிறுக்கன் இல்லை. மெத்தனாலுக்கும் லஞ்சத்துக்கும் மருந்து வேற. ஆனா ஆபீஸ்ல ஊர் பேரைச் சொன்ன உடனே "ஓ, அந்தக் கள்ளச்சாராயம்..."னு இழுக்கறாங்க பாருங்க, அப்ப நான் "இல்லைங்க, அந்த மரச்சிற்பம்"னு சொன்னா காட்டறதுக்கு ஒரு கட்டடமாவது வேணுமா இல்லையா? உழைச்சுட்டு வர்ற மனுஷன் சாயங்காலம் பொண்டாட்டி புள்ளைங்களோட போய் உக்கார ஒரு ஊர்ல எத்தனை இடம் இருக்குங்கறது சின்ன கேள்வியா?

கேட்டா காசு இல்லைம்பாங்க. 2012 டிசம்பர்ல கொச்சியில முதல் பினாலே தொடங்கினப்ப புதுசா கண்ணாடி மாளிகை கட்டலை. ஃபோர்ட் கொச்சியில சும்மா கிடந்த வெள்ளைக்காரன் காலத்துக் கிடங்குகளைக் கூட்டிப் பெருக்கிப் படத்தை மாட்டினாங்க. அதைப் பாக்க உலகமே வந்துச்சு. எங்க ஊர்ல ஓடாத ரைஸ்மில்லுக்கா பஞ்சம்?

நான் கேக்கறது ரொம்ப சின்னது. பொட்டி தட்டறவன் இல்லையா, தேவைப் பட்டியலா எழுதிட்டேன்:

1. ஒரே ஒரு ஹால். புதுசு வேணாம். பழைய அரசாங்கக் கட்டடமோ வாடகைக் கிடங்கோ போதும்.
2. நேரம் மதியம் 2-லேர்ந்து ராத்திரி 9. ஞாயித்துக்கிழமை கண்டிப்பா திறக்கணும். திங்கக்கிழமை லீவு விட்டுக்கோங்க.
3. டிக்கெட் பத்து ரூபா. பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு இலவசம்.
4. ஒவ்வொரு சிற்பத்துக்கும் கீழ செதுக்கினவர் பேரு, ஊரு, என்ன மரம், எத்தனை நாள் ஆச்சு. தமிழ்ல.
5. முடிஞ்ச சிலை மட்டும் வேணாம். பாதி செதுக்கினது ஒண்ணு, வெறும் மரத்துண்டு ஒண்ணு பக்கத்துல இருக்கட்டும். வாரம் ஒரு நாள் ஒரு சிற்பி வந்து உக்காந்து செதுக்கட்டும், அதுக்கு அவருக்குத் தினக்கூலி குடுத்துடணும்.
6. சாஞ்சு உக்கார பெஞ்சு. சுத்தமான பெண்கள் கழிப்பறை. "ரெண்டு பேரும் யாரு?"ன்னு கேக்காத காவலாளி.
7. வாசல்ல மகளிர் குழு நடத்தற ஒரு சின்ன மெஸ். தோசை, புரோட்டா, கல்வராயன் மலைத் தேன் ஊத்தின தினைமாவு. ரெண்டு பேர் சாப்பிட்டா இருநூறைத் தாண்டக்கூடாது.
8. வெள்ளிமலைலேர்ந்து எறங்கி வர்ற ஜோடியும் பாத்துட்டு வீடு திரும்பற மாதிரி ஒரு கடைசி பஸ். மலைக்காரங்களுக்கு டவுனுன்னா ஆஸ்பத்திரியும் ஆபீஸ் வாசலும்னு மட்டுமே இருக்கக்கூடாது.

இதுல எது முடியாததுன்னு யாராவது சொல்லுங்க, விவாதிப்போம். மேம்பாலத்துக்கு ஒரு தூண் போடற காசுல இது அத்தனையும் முடியும்னு எனக்குத் தோணுது.

அது வர்ற வரைக்கும் நம்மால ஆனது ஒண்ணு இருக்கு. உங்க ஊர்லயும் நெசவோ, மண்பாண்டமோ, சுதைச்சிற்பமோ, பாய் முடையறதோ ஏதாவது நடந்துக்கிட்டுத்தான் இருக்கும். அடுத்த தடவை "ஜோடியா ஊர் சுத்த" பட்டியல் போடறப்ப சென்னை, பெங்களூரை விட்டுட்டு அதை எழுதுங்க. அவங்க நேரம் பாத்து, சொல்லிட்டுப் போய்ப் பாருங்க. செஞ்சவர் சம்மதிச்சா அவரு பேரைப் போட்டு எழுதுங்க. நான் பாத்த பெரியவர்கிட்ட இன்னும் கேக்கலை, அதனாலதான் இங்க பேர் இல்லை. அடுத்த வாரம் கேக்கப் போறேன்.

டிஸ்கி: "நானும் வந்து பாக்கணும்"னு சென்னை நண்பர்கள் யாராவது கிளம்பினா தாராளமா வாங்க. ஊர் சுத்திக் காட்டறேன், புரோட்டா என் செலவு. "பக்கத்துல நல்ல ரெஸ்டாரண்ட் இருக்கா?"ன்னு மட்டும் கேக்காதீங்க, தங்கமணி அடிப்பா :))